ஐயாவுக்கு 18 மார்க்

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. நாலு பக்கக் கடிதம், அதுல மூணு பக்கம் மூச்சு விடாம எழுதின மாதிரி இருக்கு, அதனால சுருக்கித் தர்றேன். ஆள் அடையாளம் தெரியற விவரத்தை எல்லாம் அவர் சம்மதத்தோட மாத்தியிருக்கேன்.

"அக்கா, வணக்கம். எங்க ஊர்ல 9 வருஷமா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கவிதைக் கூட்டம் நடத்தறோம். ஆரம்பிச்சவர் எங்க ஐயா, எழுபது தாண்டிட்டார், நாலு தொகுப்பு போட்டவர், சிறுபத்திரிகைல எழுதினவர். ஹால் புக் பண்றது, டீ சொல்றது, வசூல் எல்லாம் நான். ரெண்டு வருஷமா காலேஜ் பசங்க வர்றாங்க, பேப்பரே இல்லாம மனப்பாடமா பெர்ஃபார்ம் பண்றாங்க, 15 பேர் வந்த கூட்டத்துக்கு இப்ப 70 பேர் வர்றாங்க. பிப்ரவரில ஸ்லாம் போட்டி, அதான் மேடைல கவிதை சொல்ல, கேக்கறவங்களே மார்க் போடற போட்டி, வெக்கலாம்னு கேட்டாங்க, சரின்னேன். மரியாதையா இருக்கட்டும்னு ஐயாவை முதல்ல வாசிக்க வெச்சோம். அவர் முடிச்சதும் அஞ்சு பேர் அட்டையைத் தூக்கி மார்க் காட்டிட்டாங்க, 5, 6.5, 6, 7, 5.5ன்னு. 'பலியாடு தப்பிச்சிருச்சுடா'ன்னு ஒருத்தன் சொன்னது அவர் காதுலயே விழுந்திருச்சு. நடுவுல சொடக்கு வேற போட்டாங்க. அப்பறம் சித்திரைக்கு ஆண்டுத் தொகுப்பு போட்டோம், அதுல போட்டில ஜெயிச்ச பொண்ணோட கவிதைய ஐயா பாதியா வெட்டிட்டார், அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உடனே அவ ஃப்ரெண்ட்ஸ் ஐயா வாசிச்ச வீடியோவுக்கு காமெடி மியூசிக் போட்டு ரீல் விட்டுட்டாங்க, 40,000 வியூஸ். இப்ப ரெண்டு வாட்ஸ்அப் குரூப் ஆயிடுச்சு, ஐயா கூட்டத்துக்கே வர்றதில்ல. நீ யார் பக்கம்னு ரெண்டு சைடும் என்னைக் கேக்கறாங்க. பேசாம பிரிச்சு விட்டுடட்டுமா? இல்ல ஒண்ணா வெச்சு சமாளிக்க வழி இருக்கா?"

தம்பி, முதல்ல என் லட்சணத்தைச் சொல்லிடறேன், அப்பத்தான் நான் எந்தப் பக்கம் சாயற ஆளுன்னு உங்களுக்குப் புரியும். 22 வருஷமா கவிதைத் தொகுப்பு எடிட் பண்றதுதான் என் பொழப்பு. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் வானொலில கேஷுவல் அனவுன்சரா இருந்தேன், பொங்கல் கவியரங்கம், தீபாவளிக் கவியரங்கம்னு ரெக்கார்டிங் ரூம்ல உக்காந்து எத்தனை பேர் வாசிச்சதைக் கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. தாள்லயும் இருந்திருக்கேன், மைக்லயும் இருந்திருக்கேன், ரெண்டு பக்கமும் திட்டும் வாங்கியிருக்கேன்.

உங்க கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த பலியாடுதான். நீங்க அதை கிண்டல்னு எழுதியிருக்கீங்க, ஐயாவும் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டிருப்பார். ஆனா அது ஸ்லாம்ல ஒரு உத்தியோகப் பேருங்க. போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போட்டில இல்லாத ஒரு ஆள் வந்து ஒரு கவிதை சொல்லணும், ஜட்ஜுங்க அதுக்கு மார்க் போட்டுப் பாத்துக்குவாங்க, கை பழகறதுக்கு, தராசுல கல்லை வெச்சுப் பாக்கற மாதிரி. அந்த மார்க் எந்தக் கணக்குலயும் சேராது. அந்த ஆளுக்கு அமெரிக்கால வெச்ச பேரைத் தமிழ்ல சொன்னா பலியாடுன்னுதான் வரும். ஏன்னா முதல்ல வர்றவருக்கு எப்பவும் கம்மியாத்தான் விழும், நேரம் ஆக ஆக ஜனங்க சூடாகி மார்க் தானா ஏறும், அது அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அஞ்சு மார்க்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணு தள்ளிட்டு நடுவுல இருக்கற மூணைக் கூட்டுவாங்க, முழுசா வாங்கினா 30. ஐயாவுக்கு 7ஐயும் 5ஐயும் தள்ளிட்டா 18. முதல் ஆளுக்கு அது ஒண்ணும் கேவலமான மார்க் இல்ல, ஆனா இதைப் போய் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

அப்பிடின்னா என்ன ஆச்சுன்னு பாருங்க. நம்ம கவியரங்கத்துல முதல்ல பேசறவர் தலைமைக் கவிஞர். அவர்தான் அரங்கைத் திறந்து வெச்சு, ஒவ்வொருத்தரையும் கவிதையிலயே கூப்பிட்டு, தட்டிக்குடுத்து உக்கார வெப்பார், முதல் இடம்னா அதுதான் சிம்மாசனம். ஸ்லாம்ல முதல் இடம்னா ஆடு. நீங்க சிம்மாசனம்னு நெனச்சு ஐயாவை உக்கார வெச்சீங்க, பசங்க அவங்க பழக்கத்துல ஆடு வந்திருச்சுன்னு அட்டையத் தூக்கிட்டாங்க. அவரை அவமானப்படுத்தணும்னு அஞ்சு பேரும் முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணல, அந்த ஒருத்தன் வாய்க்கொழுப்பை வேணா தனியா வெச்சுக்கலாம். தப்பு, யோசிச்சுப் பாத்தா, உங்களோடது தம்பி. ரெண்டு விளையாட்டோட விதியையும் தெரிஞ்சுக்காம ஒரே மைதானத்துல இறக்கி விட்டுட்டீங்க.

சொடக்கு கதையும் இதேதான். அங்க சொடக்குன்னா கைதட்டறதுக்குப் பதில், சொல்றவரோட குரலை மறைக்காம, வரி புடிச்சிருக்குன்னு காட்டற வழி. நம்ம ஊர்ல பெரியவங்க முன்னாடி சொடக்குப் போட்டா என்ன அர்த்தம்? நாய்க்குட்டியக் கூப்பிடுவோம், இல்ல பழைய பண்ணைவீட்டு ஆளுங்க வேலைக்காரங்களக் கூப்பிட்ட திமிர் ஞாபகம் வரும். எழுபது வயசு மனுஷன் கண்ணு தாள்ல இருக்கு, காதுல சொடக்குச் சத்தம் கேக்குது, அவர் எப்பிடிங்க அதைப் பாராட்டுன்னு எடுத்துக்குவார்.

ஸ்லாம்ங்கறது வானத்துல இருந்து குதிச்சதும் இல்ல. சிகாகோல மார்க் ஸ்மித்னு ஒருத்தர், கட்டிட வேலை செஞ்சுட்டிருந்தவர், 1986 ஜூலைல க்ரீன் மில்ங்கற ஜாஸ் க்ளப்ல ஆரம்பிச்சார். அங்கயும் உங்க ஊர் மாதிரிதான், கவிதை வாசிப்புன்னா பத்துப் பேர், வாசிக்கறவர் தலையே தூக்க மாட்டார், கேக்கறவன் கொட்டாவி விடுவான். சரி, கேக்கறவன் கைலயே மார்க்கைக் குடுத்துடலாம், அப்பவாச்சும் காது குடுப்பான்னு பண்ணின குசும்புதான் அது. ஜட்ஜுன்னா பேராசிரியர் எல்லாம் கெடையாது, கூட்டத்துல யாராச்சும் அஞ்சு பேர். மூணு நிமிஷம், பத்து செகண்ட் கருணை, அதுக்கு மேல போனா ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் அரை மார்க் கட். வேஷம், மேடைச் சாமான், வாத்தியம் எதுவும் கூடாது. 1990ல சான் ஃபிரான்சிஸ்கோல தேசியப் போட்டி அளவுக்கு வளந்திருச்சு. மார்க் ஒரு தூண்டில்புழு, அவ்வளவுதான். புழுவையே மீன்னு நெனச்சு எடைபோட ஆரம்பிச்சா உங்க பசங்க மாதிரி ஆயிடும்.

அங்கயும் இந்தச் சண்டை நல்லாவே நடந்திருக்கு. ஹரோல்ட் ப்ளூம்னு பெரிய விமர்சகர், 2000ல ஸ்லாமை கலையோட சாவுன்னே சொல்லிட்டார். ஆனா அந்த மேடைல நின்னவங்க என்ன ஆனாங்கன்னு பாத்தா கதை வேற மாதிரி இருக்கு. சிகாகோ ஸ்லாம் டீம்ல இருந்த டைஹிம்பா ஜெஸ் 2017ல அமெரிக்காவோட பெரிய பரிசான புலிட்சரைக் கவிதைக்கு வாங்கினார், தேசிய ஸ்லாம்ல நாலு தடவை ஜெயிச்ச பட்ரிஷியா ஸ்மித் அடுத்த வருஷம் அதே பரிசுக்கு இறுதிப் பட்டியல் வரைக்கும் வந்தாங்க. ரெண்டு பேரும் தாள்ல தனியா வேலை செஞ்சுதான் அந்த இடத்துக்கு வந்தாங்க, மேடைல கத்தினதை அப்படியே அச்சடிச்சுக் குடுத்து வரல. இதை உங்க பசங்களுக்கும் சொல்லுங்க, ஐயாவுக்கும் சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பாதி உறைக்கும்.

அவ்வளவு தூரம் ஏன் போறோம், உங்க ஊர்லயே நடந்ததுதானே இது. 1971ல கோயம்புத்தூர்ல இருந்துதான் வானம்பாடிங்கற கவிதைப் பத்திரிகை வந்துச்சு, காசு வாங்காம, விலையில்லாக் கவிமடல்னு. புவியரசு, சிற்பி, மு. மேத்தா, ஞானின்னு ஒரு பெரிய கூட்டம். அதுக்கு முன்னாடி 1959ல சி.சு. செல்லப்பா மெட்ராஸ்ல ஆரம்பிச்ச எழுத்து பத்திரிகை வழில வந்தவங்க புதுக்கவிதைன்னா அடங்கின குரல், தனியா உக்காந்து படிக்கறதுன்னு ஒரு பழக்கத்தை உண்டாக்கி வெச்சிருந்தாங்க. அந்தப் பக்கத்துல இருந்து பாத்தப்ப வானம்பாடிங்க எப்பிடித் தெரிஞ்சாங்க? கோஷம், மேடைச் சத்தம், கைதட்டலுக்கு எழுதறாங்கன்னு. இத்தனைக்கும் வானம்பாடிங்களும் தாள்லதான் அடிச்சாங்க, ஆனா குரல் உரக்க இருந்ததே பெரிய குத்தமாப் போச்சு. அப்பறம் பாருங்க, சிற்பிக்கு 2003ல, மேத்தாவுக்கு 2006ல, புவியரசுக்கு 2009ல சாகித்ய அகாடமி. உங்க ஐயா வயசைக் கணக்குப் போட்டா 1971ல அவர் காலேஜ் வாசல்ல நின்ன பையனா இருந்திருப்பார். அந்தக் கவிமடலை யாராச்சும் இலவசமாக் கைல குடுத்து, இவர் ஹாஸ்டல்ல சத்தமாப் படிச்சிருப்பார், பக்கத்து ரூம்காரன் "மெதுவாப் படிடா"ன்னு கத்தியிருப்பான். இது என் கற்பனைதான், ஆனா அவர் வீட்டுக்குப் போறப்ப கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டாலே அவர் முகம் மாறும்.

இன்னும் பழசு வேணும்னா புஸ்தகம் வெளியிடறதுக்கு நம்ம பழைய பேர் என்ன? அரங்கேற்றம். அரங்கு ஏறினாத்தான் நூல். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில அதங்கோட்டு ஆசான் முன்னாடி சொல்லித்தான் வெளிவந்துச்சுன்னு அதோட பாயிரம் சொல்லுது. இலக்கண நூலுக்கே அந்தக் கதி! அங்க குத்தம் கண்டுபிடிக்க உக்காந்தது ஒரு ஆசான், இங்க வேடிக்கை பாக்க வந்த அஞ்சு பேர். ஐயாவுக்கு எரியறது அந்த இடம்தான்னு நெனைக்கறேன், மேடையில ஏத்தினது கூட இல்ல, யார் கைல அட்டை இருந்துச்சுங்கறது.

இப்ப அந்தப் பொண்ணோட கவிதைக்கு வர்றேன், எடிட்டரா எனக்கு இதுதான் ரொம்பக் குத்துச்சு. நீங்க ரெண்டு வடிவத்தையும் அனுப்பியிருந்தீங்க. மேடைல அவ சொன்னதுல இருந்து கொஞ்சம், அவ அனுமதியோட:

கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா
காலேஜ் பேக்கை முன்னால மாட்டிக்கிட்டேன்
கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா
சில்லறையைக் கைலயே வெச்சிருக்கேன்
கொஞ்சம் தள்ளி நில்லுங்க
கம்பிக்கும் எனக்கும் நடுவுல இடமே இல்ல
கொஞ்சம் தள்ளி நில்லு
தள்ளி நில்லு
தள்ளி நில்லுடா

முழுக் கவிதைல அந்த வரி மொத்தம் ஏழு தடவை வருது. ஐயா முதல்லயும் கடைசிலயும் மட்டும் வெச்சுட்டு நடுவுல இருந்த அஞ்சையும் வெட்டிட்டார், ஓரத்துல "கூறியது கூறல்"னு குறிப்பு வேற. சாதாரணமா பாத்தா எடிட்டர் செய்யற வேலைதான், நானும் செஞ்சிருப்பேன். ஆனா அந்த வரி ஏழு தடவையும் ஒண்ணு இல்லீங்களே! முதல்ல "ங்கண்ணா", கோயம்புத்தூர்ப் பொண்ணு வாய்ல தானா வர்ற மரியாதை. அப்பறம் அண்ணா உதிருது. அப்பறம் "ங்க" உதிருது. அப்பறம் "கொஞ்சம்" உதிருது. கடைசில "டா". காந்திபுரத்துல ஏறி சிங்காநல்லூர் போறதுக்குள்ள ஒரு பொண்ணுகிட்ட இருந்து மரியாதை எப்பிடி ஒவ்வொரு எழுத்தாக் கழண்டு விழுதுன்னு அந்த ஏழு வரி காட்டுது, கவிதையே அதுதான். நடுவுல இருக்கறதை எடுத்துட்டா என்ன மிச்சம்? முதல்ல அண்ணான்னா, கடைசில டான்னா, ஏதோ கோவக்காரப் பொண்ணு போலன்னு படிக்கறவங்க நெனப்பாங்க.

இதுல ஐயாவைத் திட்ட எனக்கு வாய் வராது, ஏன்னா நானே இதைப் பண்ணியிருக்கேன். பதினஞ்சு வருஷம் இருக்கும், கவியரங்கத்துல பேர் வாங்கின ஒருத்தரோட தொகுப்பை எடிட் பண்றப்ப திரும்ப வர்ற வரியை எல்லாம் சுத்தமா எடுத்துட்டேன், பக்கம் மிச்சமாச்சுன்னு பதிப்பகத்துக்கு வேற சந்தோஷம். அவர் ஃபோன் பண்ணினார், திட்டல. "அம்மா, ரெண்டையும் வாசிக்கறேன் கேளுங்க"ன்னார். முதல்ல அவரோடது, அப்பறம் என்னோடது. என்னோடதை வாசிக்கறப்ப நடுவுல மூச்சு எடுக்க இடம் இல்லாம இருமினார், நடிச்சாரா நெஜமான்னு இன்னிக்கும் தெரியல. அன்னில இருந்து எந்தக் கவிதைன்னாலும் ஒருக்கா வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் பேனா எடுக்கறேன்.

ஐயாவோட கவிதைக்கு நடந்ததும் இதே அநியாயம்தான், திசை மட்டும் வேற. அவர் அன்னிக்கு வாசிச்சது இது, தொகுப்புல இருக்கு, எடுத்துப் போட அவர் சரின்னு சொன்னதா நீங்க எழுதியிருக்கீங்க:

அவள் போன வாசலில்
புள்ளி வைத்துப் போகிறது
மழை
கோடு போடத்தான்
ஆளில்லை

வீடியோவைப் பாத்தேன், காமெடி மியூசிக்கை மியூட் பண்ணிட்டு. பத்து செகண்ட்ல முடிச்சுட்டார். தலை தூக்கல. முடிச்சு நிமிந்தப்ப ஹால்ல யாருக்கும் கவிதை ஆரம்பிச்சதே தெரியல, அடுத்தது என்னன்னு பாத்துட்டு இருக்காங்க. தாள்ல "மழை" ஒத்தையா ஒரு வரில நிக்குது, நம்ம கண்ணு அங்க வந்து ஒரு நொடி நிக்கும், புள்ளி வெச்சது யாருன்னு அப்பத்தான் தெரியும், அந்த வெள்ளை இடத்துலதான் அந்தம்மா இல்லாதது உறைக்கும். காதுக்கு வெள்ளை இடம் ஏது? மைக்ல அதுக்கு ஒரே வழி சும்மா நிக்கறது. இல்லன்னா ரெண்டு தடவை வாசிக்கறது, கவியரங்கத்துல எல்லாரும் பண்ணுவாங்களே, ஒரு வரியச் சொல்லிட்டு, நிறுத்தி, திரும்ப அதே வரியச் சொல்லி, அப்பறம்தான் அடுத்ததை உடைப்பாங்க. ஐயாவுக்கு அது மலிவான வேலைன்னு தோணும், தெரியும். ஆனா அந்தப் பொண்ணு ஏழு தடவை சொன்னதும் இவர் ரெண்டு தடவை சொல்ல வேண்டியதும் ஒரே காரணத்துக்குத்தான். காது திரும்பிப் போய்ப் படிக்காதுங்க தம்பி, கண்ணுதான் போகும்.

அதனால யார் பக்கம்னு உங்களைக் கேட்டா, எந்தக் கவிதை பெருசுங்கற பேச்சுக்கே போகாதீங்க. மேடைக்கு எழுதினதை மேடைலயும் தாளுக்கு எழுதினதைத் தாள்லயும் பாக்காம மாத்தி மாத்தி எடை போட்டுட்டோம்னு சொல்லுங்க, ரெண்டு சைடுக்கும் அதான் பதில்.

பசங்களப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், இது அவங்களுக்குப் புடிக்காது. நீங்க அனுப்பின வீடியோ ஒம்போதையும் பாத்தேன். ஆறு கவிதைல ஒரே ராகம். மெதுவா ஆரம்பிச்சு, ரெண்டாவது நிமிஷம் வேகம் புடிச்சு, மூச்சு வாங்கி, கடைசி வரிக்குக் குரலை அப்பிடியே இறக்கி கிசுகிசுன்னு முடிக்கறது. யூட்யூப்ல பாத்துக் கத்துக்கிட்ட மெட்டு, எதைப் போட்டாலும் அதுல உக்காரும், ரேஷன் கடைப் பில்லைக் கூட சொல்லலாம். அதைவிட எனக்குக் கவலையா இருக்கறது வேற. அஞ்சு பேர் மார்க் போடற இடத்துல வலிக்குத்தான் மார்க் அதிகம் விழும். அந்தப் பொண்ணுக்கு 27.4 கெடைச்சுது, சந்தோஷம். அடுத்த மாசம் அவ எதை எடுத்துட்டு வருவா? இருபது வயசுப் புள்ளைங்க ஆறாத காயத்தை மாசா மாசம் திறந்து காட்டி அதுக்கு 8.5, 9னு வாங்கிட்டு தனியா பஸ் ஏறிப் போறது எனக்குச் சரியாப் படல. தனக்கு நடந்ததைச் சொல்ற புள்ளைங்க கூட்டம் முடிஞ்சதும் யார் கூட வீட்டுக்குப் போறாங்கன்னு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க. அந்த மாதிரிக் கவிதையப் போட்டில வெக்காம வெளில சொல்றதுக்கும் ஒரு இடம் இருக்கணும். இந்த விஷயத்துல மார்க்கே இல்லாத ஐயாவோட பழைய கூட்டம் எவ்வளவோ மேல்.

ஐயா பக்கத்துக் கோவத்தையும் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. இப்பல்லாம் கவிதைத் தொகுப்புன்னா பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல, அதாவது வேணுங்கறப்ப வேணுங்கற அளவு மட்டும் அடிக்கற முறைல, நூறு, இருநூறு காப்பி, அதுலயும் பாதி நாமளே சும்மா குடுத்துடறது. நாலு தொகுப்பு போட்டும் இத்தனை வருஷத்துல அவருக்குச் சேராத கண்ணு, அவரைக் கேலி பண்ணின அரை நிமிஷத்துல சேந்திருச்சு. 40,000 பேர் அவரைப் பாத்தாங்க, அதுல ஒருத்தர் கூட அவர் கவிதையக் கேக்கல, ஏன்னா மேல மியூசிக் ஓடிட்டு இருக்கு.

பிரிக்கறதான்னு கேட்டீங்கல்ல. கூட்டத்தைப் பிரிக்காதீங்க, போட்டியப் பிரிங்க. மாசக் கூட்டத்துல மார்க் அட்டையே வேண்டாம். ஸ்லாமை மூணு மாசத்துக்கு ஒருக்கா தனி நாள்ல வெச்சுக்கோங்க, பேர் குடுத்தவங்க மட்டும் இறங்கணும், விதியை வாசல்லயே ஒட்டுங்க, பலியாடுன்னா என்னன்னும் அதுல எழுதுங்க, அந்த வேலைக்கு பசங்கள்லயே ஒருத்தர் நிக்கட்டும். முதல் தடவை நீங்களே நில்லுங்க, நல்லது.

மாசக் கூட்டத்துல அவங்க ஒருத்தர், இவங்க ஒருத்தர்னு மாத்தி மாத்தி மட்டும் விட்டுடாதீங்க, அது அஞ்சு நிமிஷத்துல பட்டிமன்றம் ஆயிடும். பேர் எழுதிக் குலுக்கிப் போட்டு வர்ற வரிசைல விடுங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், அது சிறப்பு விருந்தினருக்கும் சேத்துத்தான். நம்ம கூட்டங்கள்ல வாழ்த்துரைன்னு எந்திரிச்சவர் நாப்பது நிமிஷம் கழிச்சுத்தான் உக்காருவார், அந்தப் பழக்கத்தைப் பசங்க சகிச்சுக்கிட்டதுக்கே அவங்களுக்கு ஒரு சால்வை போடலாம். தாள்ல நிக்கற கவிதைய வாசிக்கறவங்களுக்கு முப்பது ஜெராக்ஸ் எடுத்து உக்காந்திருக்கறவங்க கைல குடுத்துடுங்க. நூறு ரூபாய்க்குள்ள முடியும், கண்ணும் வேலை செய்யும், ஹாலே மாறிடும், நான் செஞ்சு பாத்திருக்கேன். சொடக்குக்கு ஆரம்பத்துலயே ஒரு வரி சொல்லிடுங்க, இல்லன்னா பேசாம கைதட்டிட்டுப் போகட்டும், நம்ம கைக்கு அதுதான் பழக்கம்.

இதெல்லாம் அடுத்த மாசக் கதை. இந்த வாரம் செய்ய வேண்டியது, அந்த ரீலை எடுக்கணும். ஆர்க்கைவ் இல்ல, டெலீட். போட்டவங்க கையாலயே. அப்பறம் அந்த ரீல் போட்டவங்களையும், பலியாடுன்னு சொன்னவனையும் கூட்டிட்டு ஐயா வீட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை காலைல, போறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிட்டு. அந்தப் பொண்ணு வர வேண்டாம், அவ ஒண்ணும் தப்புப் பண்ணல, அவளை முன்னாடி நிறுத்தி ஐயாவை மசிய வெக்கற வேலை கூடாது. உள்ள போனதும் ஸ்லாம் விதியை விளக்க ஆரம்பிச்சுடாதீங்க, முதல்ல மன்னிப்பு, அப்பறம் காப்பி, விளக்கம் எல்லாம் அவரா கேட்டாத்தான். வீடியோ, ஃபோட்டோ எதுவும் எடுக்காதீங்க, "ஐயாவுடன் ஒரு இனிய காலை"ன்னு ஸ்டேட்டஸ் போட்டீங்கன்னா அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

அவர் அந்தப் பொண்ணுகிட்ட சாரி சொல்வாரான்னு கேட்டா, வாயால சொல்ல மாட்டார். அந்தத் தலைமுறைக்கு அது வராது. ஆனா அந்தக் கவிதைய வாய்விட்டு ஒருக்கா வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஏழு தடவையும், மரியாதை கழண்டு கழண்டு வர்ற மாதிரி. அவர் கவிஞர்தானே, மூணாவது தடவைலயே தெரிஞ்சுடும். அதுக்கப்பறம் அவருக்கா தோணினா ஒரு கார்டு எழுதிப் போடுவார், தோணலன்னா விட்டுடுங்க, இழுக்காதீங்க.

ஆண்டுத் தொகுப்புல இன்னும் 180 காப்பி உங்ககிட்டதான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நல்லதாப் போச்சு. அந்தப் பக்கத்தை மட்டும் முழுக் கவிதையோட திரும்ப அடிச்சு மேல ஒட்டிடலாம், அச்சகத்துல சொன்னா ஒரு ஷீட்டுல நாலு பக்கம் வர்ற மாதிரி போட்டுத் தருவாங்க, ஃபெவிகால் வேண்டாம், தாள் சுருங்கும், க்ளூ ஸ்டிக்தான் சரி. முடிஞ்சா ஓரத்துல சின்னதா ஒரு க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ணினா அவ குரல்ல கேக்கற மாதிரி. அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரூஃபை அந்தப் பொண்ணுகிட்ட காட்டிட்டு எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. சும்மா படிக்கத்தான், பேனா எடுக்க மாட்டேன்.